கிரவீனைக் காட்டிய முகமூடி

— ஹெலன்ஸ்பர்க் கோயில் லட்டுப் பெட்டியிலை பெண்டில் ஹில் கடை ஸ்டிக்கர் எப்பிடியப்பா ஒட்டும்?

— என்ன ஸ்டிக்கர்?

— பெட்டிக்குக் கீழை. கிழிக்க மறந்துபோனியள். நான் ஒண்டும் சொல்லேல்லை, கேக்கிறன், அவ்வளவுதான்.

— கோயிலிலை பெட்டி முடிஞ்சுபோச்சு நிரஞ்சினி. புரட்டாதிச் சனி எண்டால் சும்மாவோ, ஊர்ப்பட்ட சனம். ஐயர் கையிலை அள்ளித் தந்தவர். வாற வழியிலை கடையிலை ஒரு வெறும் பெட்டி கேட்டு வேண்டினனான்.

— வெறும் பெட்டிக்கு 'லட்டு பன்னிரண்டு, நெய்யிலை செய்தது' எண்டு எழுதி ஒட்டுறவையோ?

— பொறும், பொறும்.

— பொறுக்கிறன். பிட்டு அவியுது, எனக்கு நேரம் இருக்கு. நீங்கள் ஹோலிலை கதிரையிலை இருந்துகொண்டே சொல்லுங்கோ. குசினிக்குள்ளை வந்திடாதேங்கோ, கால் பொசுங்கிப்போடும்.

— நான் என்னத்துக்குக் குசினிக்குள்ளை? அது உம்மடை ராச்சியம்.

— ஓம், கலியாணம் கட்டி நாலு வருசம், இன்னும் அந்த ராச்சியத்துக்கு நீங்கள் விசா எடுக்கேல்லை. சரி, கோயிலிலை ஆரைக் கண்டனீங்கள்?

— எங்கடை சச்சிதானந்தன் அண்ணையைக் கண்டனான். உம்மைச் சுகம் கேட்டவர்.

— அவர் கோல்ட் கோஸ்ட்டிலை. வியாழக்கிழமை பெஞ்சாதி எனக்குச் சொல்லிப்போட்டுத்தான் வெளிக்கிட்டவ.

— அப்ப அவரைப்போல ஒருத்தர்.

— அப்ப இதுவும் உங்களைப்போல ஒருத்தர்தானோ? இந்தாங்கோ போன், எட்டி வாங்குங்கோ. முன்வீட்டு யோகா அன்ரி விடிய அனுப்பின வீடியோ. அவவின்ரை மகளோடை வேலை செய்யிற நைஜீரியன் நேர்ஸ் பேஸ்புக்கிலை போட்டதாம்.

— என்ன வீடியோ?

— பிளக்டவுணிலை ஒரு ஹோல். நடுவிலை ஒருத்தர் மரத்தாலை செய்த பெரிய மீன் தலையைப் போட்டுக்கொண்டு, உடம்பு முழுக்கத் துணி சுத்திக்கொண்டு ஆடுறார். சுத்திவர ஐம்பது அறுபது ஆபிரிக்கச் சனம். மூலையிலை ஒரு மனிசன் குடைஞ்ச மரக்கட்டை ஒண்டை வைச்சு அடிக்கிறார். அவர் போட்டிருக்கிறது போன தீவாளிக்கு நான் வேண்டித் தந்த நீலச் சேட்.

— அது சேலிலை மலிவாப் போட்ட சேட் நிரஞ்சினி. சிட்னியிலை ஆயிரம் பேர் வேண்டியிருப்பினம்.

— ஆயிரம் பேருக்கும் இடது காதடியிலை மச்சமும் சேத்துக் குடுத்தவையோ?

— சரி. நான்தான்.

— யசோதரன் எண்ட பேரோடை நீங்கள்தான்?

— நான்தான், நான்தான். இனிக் கோயிலைப் பற்றிக் கேளாதையும். போகேல்லை.

— நான் ஒண்டும் சொல்லேல்லை. பெருமாளிட்டைப் போறன் எண்டு சொல்லிப்போட்டு மீன் தலையிட்டைப் போயிருக்கிறியள். அவரும் ஒருகாலத்திலை மீனா வந்தவர்தானே, கோவிக்கமாட்டார். ஆனா நான் கோவிப்பன். என்ன கூத்து இது?

— கூத்தில்லை. என்னோடை லோண்டரியிலை வேலை செய்யிற தொன்யேயைத் தெரியுந்தானே? போன நத்தாருக்கு இஞ்சை வந்து பிட்டும் நண்டுக்கறியும் சாப்பிட்டவர்.

— மூண்டு குழல் பிட்டு. என்னை அக்கா எண்டு கூப்பிட்டு, உங்களைவிட வடிவாத் தமிழ் கதைச்சவர்.

— நாலு வருசம் ஆறு தமிழரோடை பெட்சீட் மடிச்சால் ஆருக்கும் வரும். அவர் இஜோ எண்ட சனம், அதிலை கலபாரிப் பகுதி. நைஜீரியாவிலை ஆறு கடலுக்கை விழுற இடத்திலை, தண்ணிக்கு நடுவிலை இருக்கிற ஊருகள். அந்த மீன் தலை அவையளின்ரை குடும்பத்து முகமூடி. தண்ணியிலை இருக்கிற தெய்வம் கரைக்கு ஏறி ஆடுற மாதிரி. இஞ்சத்தைப் பிள்ளையளுக்கு அவையின்ரை பாசை வராது, இங்கிலீசுதான். அதாலை வருசத்திலை ஒருக்கா முகமூடியை எடுத்து ஆடிக் காட்டுவினம்.

— அதுக்கு ஏன் யாழ்ப்பாணத்தான் மேளம் அடிக்கவேணும்?

— அவையின்ரை மேளகாரர் பேர்த்துக்குச் சுரங்க வேலைக்குப் போயிட்டார். நேத்து ஊரிலையிருந்து பெரியவர் ஒருத்தர் வந்து சோதிக்கிற நாள். அலபோ எண்டு மரியாதையாக் கூப்பிடுவினம். முகமூடி சிட்னியிலை இருக்கத் தகுதியோ எண்டு அவர்தான் தீர்ப்புச் சொல்லுறது. பிழைச்சால் செவ்வாய்க்கிழமை பிளேனிலை மீன் தலை ஊருக்குப் போயிடும்.

— என்ன சோதினை? நல்லா ஆடுறாரோ எண்டோ?

— ஆட்டம் இல்லை, காது. அவையின்ரை மேளம் கதைக்கும் நிரஞ்சினி. ஒரு இடத்தின்ரை பேரை மேளம் சொல்லும். முகமூடி போட்டவர் ஆட்டத்தை நிப்பாட்டாமல் அந்த இடத்தைச் சரியாக் கைகாட்டவேணும். ஊரிலை கோயில் கோயிலாக் காட்டவேணுமாம். இஞ்சை நாலு இடம். வாசல், பெரியவரின்ரை கதிரை, ஆறு, கடைசியா அவையின்ரை சொந்த ஊர். பிழையாக் காட்டினால் குடும்பத்துக்கே வெக்கக்கேடு.

— அப்ப அந்தப் பாசையிலை மேளம் அடிக்கத் தெரியவேணுமே. உங்களுக்கு நாலு வருசமா ஒஸ்ரேலியா இங்கிலீசே பிடிபடேல்லை.

— பேர்த் மனிசன் சீடியிலை அடிச்சு அனுப்பினவர். நான் கேட்டுப் பாடமாக்கினனான்.

— கேட்டு?

— ஓம்.

— அடிக்க எங்கை பழகினீங்கள்?

— யூடியூப்பிலை.

— யூடியூப்பிலை பழகின மணிக்கட்டு அப்பிடித் திரும்பாது.

— மணிக்கட்டைப் பற்றி உமக்கென்ன தெரியும்?

— கண் இருக்கு, காது இருக்கு. வீடியோவை ஆறு தரம் பாத்தனான். முதல் மூண்டு இடத்திலையும் கை சுத்தம். நாலாவதிலை முதல் அடி பிந்திப்போச்சு, பிறகு ஓடிப்போய்ப் பிடிக்கிறியள். ஏன்?

— நீர் பிட்டு அவிக்கிறீரோ, பரீட்சை வைக்கிறீரோ? அந்தத் தடியாலை குழலிலை தட்டாதையும், சொல்லுறன்.

— பிட்டு இறங்காட்டித் தட்டித்தான் தள்ளவேணும். நீங்களும் இறங்காட்டி இதே தடிதான். எங்கை பழகினீங்கள்?

— நிரஞ்சினி...

— எங்கை?

— வீட்டிலை.

— எந்த வீட்டிலை? உங்கடை அப்பா கொக்குவில் கோப்பிறேட்டிவ் மனேச்சர். சீனி நிறுக்கிற வீட்டிலை ஆர் மேளம் அடிச்சது?

— கோப்பிறேட்டிவ் இல்லை. கொக்குவிலும் இல்லை. இணுவில். அப்பா தவில். அவரின்ரை அப்பாவும் தவில். எனக்கு ஏழு வயசிலை வலக்கை விரலுக்குக் கூடு போட்டு, இடக்கையிலை பூவரசங் கழியைத் தந்து இருத்தினவை. பத்தொன்பது வயசு வரைக்கும் கோயில் கோயிலா அடிச்சனான். எல்லாத்தையும் அங்கை விட்டிட்டு வந்தனான், கழியைக்கூட. ஏன் தட்டுறதை நிப்பாட்டிப்போட்டீர்?

— நீங்கள் சொல்லுங்கோ.

— என்னத்தைச் சொல்ல? ரெண்டாயிரத்தெட்டிலை பரமட்டா இங்கிலீசு வகுப்பு ஞாபகம் இருக்கே? அந்த ரீச்சர் ஒவ்வொருத்தரா எழுப்பி, அப்பாவுக்கு என்ன வேலை எண்டு சொல்லச் சொன்னவ. முதல் சச்சிதானந்தன் அண்ணை எழும்பி, 'மை ஃபாதர் இஸ் எ லோயர்' எண்டார். எண்டு போட்டுத் திரும்பி எங்கள் எல்லாரையும் ஒரு பார்வை பாத்தார். அடுத்தது நீர். 'மை ஃபாதர் இஸ் எ போஸ்ட்மாஸ்ரர்.' அதுக்குப் பிறகு நான் எழும்பித் தவில் எண்டு சொல்லுறதோ? முதலாவது, தவிலுக்கு எனக்கு இங்கிலீசு தெரியாது. ரெண்டாவது, நீர் அப்பிடி வடிவாப் பின்னலைத் தூக்கிப் பின்னாலை போட்டிட்டு இருந்தனீர். வாயிலை கோப்பிறேட்டிவ் மனேச்சர் வந்திட்டார்.

— சச்சிதானந்தன் அண்ணைக்குப் பயந்து.

— அவருக்கும் பயம், உமக்கும் பயம். பேந்து உம்மடை தமையன் ரொறன்ரோவிலையிருந்து போன் எடுத்து, 'பெடியன் ஆர் ஆக்கள்' எண்டு சாதி விசாரிச்சாரே. அண்டைக்குச் சொல்லியிருக்கவேணும். சொன்னால் நீர் போயிடுவீர் எண்டு பயம். ஒரு பொய்யைச் சொன்னால் அதுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டே இருக்கவேணும்.

— அண்ணை அப்பிடிக் கேட்டது ஏனெண்டு உங்களுக்குத் தெரியாது.

— தெரியும், தெரியும். போஸ்ட்மாஸ்ரரின்ரை மகன் வேறை எப்பிடிக் கேப்பார்?

— அதை விடுங்கோ. அப்ப இப்ப என்னத்துக்குப் போய் அடிச்சனீங்கள்?

— கை கேக்கேல்லை நிரஞ்சினி. லோண்டரியிலை மேசையிலை என்னை அறியாமல் தட்டிக்கொண்டு நிண்டனான். தொன்யே வந்து, 'மச்சான், உன்ரை கைக்குள்ளை ஆரோ இருக்கினம்' எண்டார். எனக்கு அழுகை வந்திட்டுது, சத்தியமா. எங்கடை சனத்துக்கு முன்னாலை அடிக்க எனக்குத் துணிவில்லை. அவையின்ரை சனத்துக்கு முன்னாலை அடிச்சன். அங்கை ஒருத்தரும் நான் ஆர் ஆக்கள் எண்டு கேக்கேல்லை. மேளகாரனுக்கு எண்டு தனிக் கதிரை போட்டு, முதல் சாப்பாடும் எனக்குத்தான் தந்தவை.

— என்ன சாப்பாடு?

— மீன்.

— புரட்டாதிச் சனியிலை.

— அதையும் பிடிச்சிட்டீரே!

— நான் ஒண்டும் சொல்லேல்லை. நாலாவது அடி ஏன் பிந்தினது? அதுக்கு இன்னும் மறுமொழி வரேல்லை.

— அது சொன்னால் நீர் உண்மையாவே தடியை எடுப்பீர்.

— தடி ஏற்கெனவே கையிலைதான் இருக்கு.

— சீடியிலை இருக்கிற அடியள் மனசிலை நிக்குதில்லை. பாசை தெரியாதே. அதாலை ஒவ்வொண்டுக்கும் அளவான தமிழ் வசனம் போட்டுப் பாடமாக்கினனான். வாசலுக்கு, 'நிரஞ்சினி கதவைத் திற.'

— என்னது?

— அளவு அப்பிடியே பொருந்துது, நான் என்ன செய்ய? கதிரைக்கு, 'கதிரையை இழுத்துப் போடு.' ஆத்துக்கு, 'தேத்தண்ணி இன்னும் வரேல்லை.' சொந்த ஊருக்கு, 'சம்பல் உறைக்குது, தண்ணி தா.'

— ஒரு சனத்தின்ரை தெய்வத்தை என்ரை குசினியை வைச்சோ கூப்பிட்டனீங்கள்? அதிலும் எல்லாம் குறை. ஒண்டிலையாவது 'நிரஞ்சினி, நீ கொஞ்சம் இரு' எண்டு வருதோ?

— அந்த அளவிலை அடி இல்லையே!

— இருக்காது. சொல்லுங்கோ, பேந்து?

— மூண்டும் சரியா வந்துது. தொன்யே வாசலைக் காட்டினார், கதிரையைக் காட்டினார், ஆத்தைக் காட்டினார். சனம் கூவுது. நாலாவதுக்குக் கையைத் தூக்குறன், பொக்கற்றுக்குள்ளை போன் அதிருது. நீர். ஒருக்கா இல்லை, மூண்டு தரம்.

— கறிவேப்பிலை வேண்டி வரச் சொல்ல எடுத்தனான்.

— சம்பலும் போச்சு, தண்ணியும் போச்சு. எல்லாம் மறந்துபோச்சு. அலபோ நேரே என்னைப் பாத்துக்கொண்டு இருக்கிறார். மேளம் நிக்கக்கூடாது. கை தன்ரை பாட்டிலை அடிச்சுது, வாயும் சேந்து முணுமுணுத்துது: 'நிரஞ்சினி தேடுறாள், வீட்டை போகோணும்.'

— அப்பிடியே அடிச்சனீங்களோ?

— அப்பிடியே. தொன்யே ஒரு சுத்துச் சுத்தினார். அவையின்ரை ஊருக்கு மேற்கைக் காட்டவேணும். அவர் நிண்டு, தலையைத் திருப்பி, வடிவாக் கிழக்கைக் காட்டினார்.

— பிளக்டவுணுக்குக் கிழக்கை என்ன இருக்கு?

— கிரவீன்.

— எங்கடை கிரவீனோ?

— எங்கடை வீட்டைக் காட்டிப்போட்டார் நிரஞ்சினி. சனம் அமைதியாப் போச்சு. அலபோ எழும்பி வந்து என்னட்டை, 'உன்ரை வீடு எங்கை?' எண்டு இங்கிலீசிலை கேட்டார். விலாசத்தை எழுதிக் குடுத்திட்டு ஓடி வந்தனான். கடையிலை லட்டு வேண்டினது அந்த அவசரத்திலை. அதாலைதான் ஸ்டிக்கர் கிழிக்க மறந்தது.

— பாவம் அந்தத் தொன்யே. உங்களாலை அந்தாளின்ரை முகமூடி போகப்போகுது.

— நித்திரை கொள்ளேல்லை நான். செவ்வாய்க்கிழமை பிளேன் ஏறேக்கை அந்தத் தலையை எந்த முகத்தோடை பாப்பன்?

— பொறுங்கோ. ஆரோ கதவிலை தட்டுகினம்.

— தட்டுற தட்டைக் கேளும்! அது என்ரை முதல் வசனம். 'நிரஞ்சினி கதவைத் திற.' தொன்யேதான். ஐயோ, யன்னலாலை பாரும். ரோட்டிலை நிப்பாட்டின வானிலையிருந்து அலபோவும் இறங்குறார். நீட்டுச் சட்டை, தொப்பி, கையிலை ஒரு போத்தல்.

— புரட்டாதியிலை போத்தலோ? தள்ளுங்கோ, நான் திறக்கிறன். வாங்கோ தம்பி. பெரியவரையும் உள்ளுக்கு வரச் சொல்லுங்கோ.

— அக்கா, சுகமா? உள்ளுக்கு இப்ப வர ஏலாது அக்கா. முதல் வாசல். அலபோ வாசலுக்குச் சாராயம் ஊத்தவேணும்.

— என்ரை கோலத்திலையோ?

— பக்கத்திலை ஊத்துறம், பிரச்சினை இல்லை. மச்சான், நீ ஏன் திரைச்சீலைக்குப் பின்னாலை?

— தொன்யே, என்னிலைதான் பிழை. நாலாவது அடி நான் மறந்துபோனன். அலபோவுக்குச் சொல்லு, உன்னிலை பிழை இல்லை.

— அலபோவுக்குத் தெரியும், மச்சான். மூண்டு அடி எங்கடை பாசை, நாலாவது எங்கடை பாசை இல்லை. அவருக்கு வடிவாத் தெரியும். ராத்திரி என்னட்டைக் கேட்டார், 'எங்கடை பாசை இல்லாத அடிக்கு நீ எப்பிடிக் கைகாட்டினாய்?' எண்டு. நான் உண்மை சொன்னன். எனக்கு மேளம் விளங்காது.

— என்ன விளங்காது?

— மேளம். நான் போர்ட் ஹார்கோர்ட் டவுன் பெடியன். அப்பா பாங்க். வீட்டிலை இங்கிலீசு. மேளம் அடிச்சால் எனக்குச் சத்தம், அவ்வளவுதான். நீ பெட்சீட் மடிக்கேக்கை வாயாலை சொல்லிக்கொண்டு தட்டுறாய். நிரஞ்சினி கதவைத் திற, கதவு. கதிரையை இழுத்துப் போடு, கதிரை. தேத்தண்ணி, தண்ணி, ஆறு. நான் தமிழைப் பாடமாக்கினன். நேத்து நாலாவதுக்கு 'வீட்டை போகோணும்' எண்டு முணுமுணுத்தாய், எனக்குக் கேட்டுது. நான் வீட்டைக் காட்டினன்.

— அடப்பாவி! உனக்கு விளங்கும் எண்ட நம்பிக்கையிலைதானே நான் அடிச்சனான்!

— உனக்கு விளங்கும் எண்ட நம்பிக்கையிலைதானே நான் ஆடினனான்!

— இப்பிடியும் நடக்குமோ? ரெண்டு பேரும் பக்கத்திலை பக்கத்திலை நிண்டுகொண்டு, ஒரே பொய்யை ஒருத்தருக்கு ஒருத்தர்...

— என்ன நிரஞ்சினி, ஏன் அரைவாசியிலை விட்டிட்டீர்?

— ஒண்டுமில்லை. தம்பி, பெரியவர் என்ன சொல்லுறார்? முகமூடி போகுதோ, நிக்குதோ?

— அலபோ சொல்லுறார் அக்கா: மேளம் எந்தப் பாசையிலை சொன்னாலும் முகமூடி கேக்கவேணும். கேட்டுது. அது சரி. ஆனால் காட்டின இடம் பேருள்ள ஒரு இடமா இருக்கவேணும். சும்மா வீடு எண்டால் பிழை. முகமூடி போயிடும். குலே இருக்கிற வீடு எண்டால் சரி. முகமூடி நிக்கும். அதுதான் கேக்க வந்தவர். உங்கடை குலே என்ன?

— குலமோ? என்னப்பா இது! ரொறன்ரோ கேட்டுது, சச்சிதானந்தன் அண்ணை பார்வையாலை கேட்டார், இப்ப ஆபிரிக்காவிலையிருந்து பிளேன் ஏறி வந்தும் குலம் கேக்கினம்!

— குலம் இல்லை அக்கா, குலே. ஒவ்வொரு குடும்பத்துக்கும் மேளத்திலை ஒரு பேர். அந்த அடியை அடிச்சால் அந்த வீட்டு ஆள் எழும்பி நிக்கவேணும். நல்ல விசயம். ஒளிக்கிறதுக்கு அது என்ன களவோ?

— தொன்யே, இல்லை எண்டு சொல்லு. எங்களிட்டை அப்பிடி ஒண்டும்...

— பொய் சொல்லாதேங்கோ. இணுவிலிலை ஒவ்வொரு தவில் வீட்டுக்கும் முடிக்கேக்கை ஒரு அடி இருக்குந்தானே? கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும், இது இன்னார் வீடு எண்டு சொல்லலாம். உங்கடை அப்பாவுக்கு இருக்கேல்லையோ?

— இருந்தது. இருக்கு. ஆனா அதை இந்த வாசலிலை நிண்டு அடிச்சால் முன்வீட்டு யோகா அன்ரிக்குக் கேக்கும். பின்னேரம் சிட்னி முழுக்கத் தெரியும், யசோதரன் ஆர் எண்டு. நான் மட்டும் எண்டால் இனிப் பரவாயில்லை. இந்த வீட்டிலை நீரும் இருக்கிறீர். உம்மை மேளக்காரன் பெஞ்சாதி எண்டு கதைப்பினம். அதாலை உம்மட்டைக் கேக்கிறன். அடிக்கவோ, விடவோ? நீர் விடச் சொன்னால் விடுறன்.

— மச்சான், அலபோ பாத்துக்கொண்டு நிக்கிறார்.

— பொறு தொன்யே. இது எங்கடை சோதினை.

— எதிலை அடிக்கப் போறியள்?

— என்ன?

— அடிக்கிறதெண்டால் எதிலை எண்டு கேக்கிறன். மேளம் இல்லையே.

— அந்தக் குப்பைத்தொட்டி மூடியிலை அடிக்கலாம். ஆனா கழி வேணும். வெறுங்கையாலை அந்த அடி வராது.

— தம்பி, அந்தத் தொட்டியை இப்பிடி இழுத்து வையுங்கோ. நான் இப்ப வாறன்.

— அக்கா எங்கை ஓடுறா, மச்சான்? கோவமா?

— தெரியேல்லை தொன்யே. கோவம் எண்டால் குழலிலை தட்டிக் கேக்கும். தட்டுற சத்தம் கேக்கேல்லை.

— இந்தாங்கோ. பிட்டு மா ஒட்டியிருக்கு, துடைச்சிட்டு அடியுங்கோ.

— நிரஞ்சினி, அங்கை யோகா அன்ரி வேலியடிக்கு வந்திட்டா.

— வரட்டும். போனையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கோ, வீடியோ வடிவா விழட்டும்.

— சரி, அப்ப... பொறும். என்ன தடி இது? இந்தத் தடிப்பு, இந்த நுனி... இது பூவரசு. உள்ளங்கை படுற இடம் தேஞ்சிருக்கு. நிரஞ்சினி, இதாலையோ நாலு வருசமாப் பிட்டுத் தள்ளினனீர்? இது எங்கையிருந்து...

— மச்சான், ஏன் நிக்கிறாய்? அடி!

— ஓம், நில்லாதேங்கோ, உங்கடை வீட்டு அடியை அடிச்சு முடிச்சிட்டு என்னட்டைத் தாங்கோ, என்ரை வீட்டு அடியையும் பெரியவர் கேக்கட்டும். நாலு வருசத்திலை ஒருநாளாவது குசினிக்குள்ளை வந்திருந்தால் கண்டிருப்பியள், அது அளவெட்டிப் போஸ்ட்மாஸ்ரர் தவில் அடிச்ச கழி.